புல்லுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?



பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். காலைக் காபியை முடித்துவிட்டு லாலாகுடா வீட்டு வராந்தாவில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தேன். ஊரிலிருந்து தம்பி தொலைபேசியில் அழைத்தான். தாராபுரம் பக்கத்தில் எங்களுக்கு எட்டு ஏக்கர் கொரங்காடு இருக்கிறது. பாதி அவன் பங்கு, பாதி என் பங்கு. மனை பிரித்து விற்கிற தரகர் ஒருவர் மூன்றாம் முறையாக வந்து போயிருக்கிறார். "என்னங்ணா சொல்றீங்க? நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் காரியம் நடக்கும்" என்றான். அப்பா காலத்து நிலம், ஆடு மாடு மேய்கிற இடம், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே என்று நான் வழக்கம்போல இழுத்தேன். அவன் கோபப்படவில்லை. நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டான். "சரிங்ணா. புல்லுக்கு யாருங்க காசு குடுக்கறாங்க?"

முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் வேலை பார்த்தவன் நான். எந்தக் கேள்விக்கும் ஒரு சுற்றறிக்கை எண்ணைச் சொல்லிப் பழகியவன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிலிருந்து இதே யோசனைதான். நம்மில் பலருக்கும் ஊரில் இப்படி ஒரு துண்டு நிலம் இருக்கும் என்பதால், என் யோசனையை உங்கள் முன் வைக்கிறேன்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கொரங்காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் மழை குறைவு; கிணற்றில் தண்ணீரும் அதிகம் நிற்காது. அந்தப் பூமியில் எங்கள் முன்னோர் கண்டுபிடித்த விவசாயம் புல் விவசாயம். நிலத்தைச் சுற்றிக் கிளுவை முள்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுநடுவே நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரங்கள். ஒரு காட்டில் மாடுகளை விட்டு மேய்த்து, புல் தணிந்ததும் படலைச் சாத்திவிட்டு அடுத்த காட்டுக்கு ஓட்டுவார்கள். முதல் காடு ஓய்வெடுத்து, அடுத்த மழையில் மறுபடி தழைக்கும். காங்கேயம் காளையின் பெயரும் புகழும் இந்தப் புல்லில் வளர்ந்தவைதான். உரமில்லை, உழவில்லை, மின்சார மோட்டார் இல்லை. முயலும் கௌதாரியும் வேலி ஓரத்தில் குஞ்சு குட்டிகளுடன் வாழும். வனத்துறைக் காவலர் ஒருவர்கூட இல்லாத ஒரு சரணாலயம் என்றே சொல்லலாம். எங்கள் அப்பா இதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று சொல்லவில்லை. மாடு வளர்ப்பது என்று சொன்னார்.

புல்லின் அருமை எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததல்ல. டிப்ளமா முடித்து வேலைக்கு வந்த புதிதில், புதிதாக மண் கொட்டி எழுப்பிய ரயில் கரை ஒன்றின் சரிவில் புல் பாவுவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. முதல் பெருமழையிலேயே சரிவெல்லாம் ஓடை ஓடையாக அறுத்துக்கொண்டு போயிற்று. பாதையோர மண் சரிந்து, ஸ்லீப்பர்களின் நுனிக்கடியில் இருந்த ஜல்லி கீழே இறங்கிவிட்டது. அன்றிரவு முழுவதும் கேங்க்மேன்களோடு மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே ஒரு பழைய கரை. அதன்மேல் முழங்கால் உயரம் புல். ஒரு கூடை மண்கூட அதிலிருந்து போகவில்லை. எங்கள் முதிய மேஸ்திரி, தெலுங்குக்காரர், அதைக் காட்டி, "சார், இந்தப் புல்தான் நமக்குச் சம்பளம் வாங்காத கேங்க்மேன்" என்றார். நான் மறக்காத பாடம் அது.

ரயில்வேயில் கற்ற இன்னொரு பாடமும் உண்டு. ஒரு வேலைக்கு வரவு செலவுத் திட்டத்தில் தலைப்பு இல்லையென்றால் அந்த வேலையே இல்லை. பிங்க் புத்தகத்தில் ஏறாத பாலத்துக்கு ஒரு மூட்டை சிமென்ட் வாங்க முடியாது. அதிலும் புதிய பாதை, புதிய நிலையம் என்றால் அமைச்சர் வருவார், கல்வெட்டு நடுவார். தினமும் பாதையில் நடந்து ஆணி முடுக்குகிற கீமேனுக்குக் கல்வெட்டு இல்லை. ஆனால் அவருக்கு மாதச் சம்பளம் உண்டு. அதனால்தான் ரயில் ஓடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

இப்போது நாம் வாழ்கிற இந்த ஊரைப் பார்ப்போம். 2025 மார்ச் இறுதியில் கஞ்ச கச்சிபௌலியில் நடந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஐதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கரில் இரவு பகலாக மண்வாரி இயந்திரங்கள் ஓடின. மாணவர்கள் போராடினார்கள். ஏப்ரல் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. அது காடா இல்லையா என்றுதான் எல்லோரும் வாதிட்டார்கள். ஊரின் பெயரிலேயே விடை இருப்பதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. தெலுங்கில் கஞ்ச என்றால் மேய்ச்சல் நிலம். வருவாய்ப் பதிவேட்டில் அந்த நிலம் 'கஞ்ச அஸ்தபல் போரம்போக்' என்று இருப்பதாக அரசே சொன்னது. அஸ்தபல் என்றால் குதிரை லாயம். ஆக, அது குதிரைகளுக்குப் புல் தந்த பூமி. போரம்போக் என்பது நம்முடைய புறம்போக்குதான். தமிழ்ச்சொல் ஒன்று இத்தனை தூரம் வந்து நிஜாம் பூமியின் பதிவேட்டில் உட்கார்ந்திருக்கிறதே என்று பெருமைப்படலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன கதி ஆயிற்று பாருங்கள். வரி விதிக்காமல் ஊர்ப் பொதுவுக்காகப் புறத்தே ஒதுக்கிய நிலம் என்ற பொருள் போய், தெருவில் ஒருவரை ஒருவர் திட்டுகிற சொல்லாகிவிட்டது. நிலத்தின் பெயர் வசவானால் நிலத்துக்கு என்ன மரியாதை இருக்கும்?

அரசாங்கக் கணக்கிலும் இதே கதைதான். மத்திய நிலவளத் துறை, நம் பாலாநகரில் இருக்கும் தேசியத் தொலையுணர்வு மையத்துடன் சேர்ந்து தரிசு நில வரைபட நூலை வெளியிடுகிறது. 2019-இல் வந்த பதிப்பின்படி நாட்டில் 5 கோடியே 57 லட்சம் ஹெக்டேர் தரிசு. நாட்டின் பரப்பில் இது ஏறக்குறைய 17 சதவிகிதம். பனிமலையும் பாலைமணலும் இதில் சேர்த்தி என்றாலும், புதர் நிலங்களும் மேய்ச்சல் நிலங்களும் இதே கணக்கில்தான் வருகின்றன. ஆடு மேய்கிற இடம் தரிசாம்! தரிசு என்று எழுதிவிட்டால் அடுத்து என்ன? அதைத் திருத்த வேண்டும், உழ வேண்டும், மரம் நட வேண்டும், அல்லது யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

அரசிடம் பணம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. காடுகளை வேறு காரியங்களுக்கு எடுக்கும்போது வசூலிக்கும் ஈட்டுப் பணத்துக்கென்று 2016-இல் ஈட்டுக் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் வந்தது. 2019 ஆகஸ்டில் மட்டும் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு குழி தோண்டி மரம் நடுவதற்கு. மரம் நடுவது புண்ணியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழி எங்கே தோண்டப்படுகிறது? காலியாகத் தெரிகிற இடத்தில். காலியாகத் தெரிகிற இடம் பெரும்பாலும் புல்வெளி. கட்ச் மாவட்டத்துப் பன்னி புல்வெளியில் 1960-களில் உப்புப் பாலை பரவாமல் தடுக்கவென்று சீமைக்கருவேலத்தை நட்டார்கள். அது புல்லைத் தின்றுவிட்டது. அந்த மரத்தோடு நம் ராமநாதபுரம் படும் பாட்டை நான் சொல்லத் தேவையில்லை.

தெலங்கானாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் கொல்ல, குரும சமுதாயத்து மேய்ப்பர்களுக்கு 75 சதவிகித மானியத்தில் ஆடு வழங்கும் திட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு இருபது பெட்டை, ஒரு கிடா. நல்ல எண்ணம்தான். ஆனால் ஆட்டைக் கொடுத்தவர்கள் புல்லைக் கொடுக்கவில்லை. நான் வேலைக்கு வந்த நாளில் மௌலாலிக் குன்றைச் சுற்றிக் கறுப்புக் கம்பளி போர்த்திய மேய்ப்பர்கள் மந்தை ஓட்டி வருவார்கள். இன்று அங்கே வீடுகள். 2018-இல் ரைத்து பந்து வந்தது. 2025 ஜனவரியில் அதுவே ரைத்து பரோசா என்ற பெயரில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் ஆயிற்று. அது பட்டா உள்ள சாகுபடி நிலத்துக்கு. ஊர்க் கஞ்சவைக் கண்போல் காக்கிற கிராமத்துக்கு அதில் ஒரு ரூபாயும் கிடையாது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் தரிசைத் திருத்தி, ஆழ்துளைக் கிணறு போட்டுத் தருகிறார்கள். கைவிடப்பட்ட நன்செய்க்கு அது வரப்பிரசாதம். ஆனால் புல்லை உழுதால் உதவி உண்டு, உழாமல் காத்தால் இல்லை என்பது என்ன நியாயம்? தம்பிக்கு மத்திய அரசின் உழவர் உதவி ஆண்டுக்கு 6,000 ரூபாய் வருகிறது. அது குடும்பத்துக்கு. அவன் நான்கு ஏக்கர் கொரங்காட்டை விற்றாலும், தோட்டம் மீதி இருக்கிறவரை அது வந்துகொண்டுதான் இருக்கும்.

இப்படி ஒரு கூலியைக் கொடுத்த நாடு எதுவும் இல்லையா? இருக்கிறது. 1930-களில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் புல்வெளியைக் கண்டபடி உழுது கோதுமை போட்டார்கள். வறட்சி வந்தது, காற்று வந்தது, மேல்மண் புழுதிப் புயலாகக் கிளம்பிற்று. லட்சக்கணக்கான குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. பட்டுத் தெளிந்த நாடு 1935-இல் மண்வளப் பாதுகாப்புக்கென்று தனித்துறை வைத்தது. 1985-இல் ஒரு சட்டம் செய்தது. அரிப்புக்கு ஆளாகும் நிலத்தை உழாமல் புல்லோ மரமோ வளரவிட்டால், 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டு, ஆண்டுதோறும் விவசாயிக்கு அரசு வாடகை தரும். 2007-இல் ஏறக்குறைய 3 கோடியே 60 லட்சம் ஏக்கர் இந்த ஏற்பாட்டில் இருந்தது. புல்லில் கூடு கட்டும் பறவைகளும் காட்டு வாத்துகளும் பெருகின. 2014-இல் மேய்ச்சலை அனுமதித்துக்கொண்டே புல்வெளிக்கு வாடகை தரும் பிரிவையும் சேர்த்தார்கள். ஆடு மேய்த்தாற்போலவும் ஆயிற்று, அண்ணனுக்குப் பெண் பார்த்தாற்போலவும் ஆயிற்று! குறை இல்லாமல் இல்லை. 2007-க்குப் பிறகு தானிய விலை ஏறியதும், ஒப்பந்தம் முடிந்த பலர் மறுபடி உழப் போய்விட்டார்கள். வாடகை சந்தையோடு போட்டியிட முடியாவிட்டால் புல் தோற்கும் என்பது அதிலிருந்து நாம் கற்க வேண்டியது.

அவர்களிடம் பணம் இருக்கிறது கொடுக்கிறார்கள், நமக்குச் சட்டம் போட்டுத் தடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதற்கு நம் கண்முன்னே இரண்டு சான்றுகள்.

முதலாவது அரசாணை 111. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளின் தண்ணீரைக் காக்க 1996 மார்ச்சில் வந்தது. ஏரிகளைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வரை, 84 கிராமங்களில், தொழிற்சாலையும் பெரிய கட்டடங்களும் கூடாது என்றது. நல்ல ஆணை. தண்ணீர் குடித்தது நகரம். நிலத்தைக் கட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தது கிராமம். எல்லைக்கு அப்பால் இருந்தவன் நிலம் கோடிக்குப் போனது. இப்பால் இருந்தவனுக்கு நஷ்டத்துக்கு ஈடு என்று ஆண்டுக்கு ஒரு நூறு ரூபாய்கூட யாரும் கொடுக்கவில்லை. அந்தக் கிராமத்தார் ஆணையை எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்ததில் என்ன வியப்பு? 26 ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 ஏப்ரலில், அரசாணை 69 அந்தக் கட்டுப்பாடுகளை விலக்கியது. ஒருவன் தோளில் மட்டும் பாரத்தை ஏற்றினால் என்றைக்காவது ஒருநாள் அவன் இறக்கி வைத்துவிடுவான்.

இரண்டாவது, கர்நூல் பக்கத்து ரோல்லபாடு. கானமயிலுக்காக 1988-இல் ஏற்பட்ட சரணாலயம், சுமார் 600 ஹெக்டேர். தெலுங்கில் அந்தப் பறவையைப் பட்டமேக என்பார்கள். பாதை வேலையாகக் கர்நூலில் தங்கியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கானமயிலைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. வெளிமான் கூட்டத்தைக் கண்டேன். வேலிக்குள் புல் நன்றாக வளர்ந்ததால் மான் பெருகியது. மான் பெருகியதால் சுற்றுப்புறத்து விவசாயிகளின் பயிர் போயிற்று. சரணாலயம் என்றாலே அவர்களுக்கு வெறுப்பு வந்தது. வெளியே கால்வாய்த் தண்ணீர் வந்து சோளக்காடும் புல்லும் வேறு பயிர்களுக்கு வழிவிட்டன. கானமயிலோ 600 ஹெக்டேர் வேலிக்குள் அடங்கும் பறவையல்ல. சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளையும் நம்பி வாழ்வது. இன்று நாடு முழுவதிலுமே ஏறக்குறைய 150 கானமயில்கள்தாம் மிச்சம் என்று கணக்கிடுகிறார்கள், பெரும்பாலானவை ராஜஸ்தானில். அங்கே கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிக்க அரசு பெருந்தொகை செலவிடுகிறது. அன்றைக்கு ரோல்லபாட்டைச் சுற்றியிருந்த விவசாயிக்கு, "நீ சோளமே போடு, ஓரத்தில் புல்லை விடு, மான் தின்றதற்கும் சேர்த்து ஆண்டுக்கு இவ்வளவு வாங்கிக்கொள்" என்று சொல்லியிருந்தால் செலவு எவ்வளவோ குறைந்திருக்கும்.

ஆகவே என் கருத்து இதுதான். புல்வெளியைக் காப்பது கட்டுமான வேலையல்ல, பராமரிப்பு வேலை. ஒருமுறை கல்வெட்டு வைத்து முடிகிற காரியமல்ல. கீமேனுக்குச் சம்பளம் போல, அதைக் காக்கிறவருக்கு ஆண்டுதோறும் கூலி தரவேண்டும். பதிவேட்டில் தரிசு என்பதை அடித்துவிட்டுப் புல்வெளி என்று எழுதவேண்டும். உழுவதில்லை, மனை போடுவதில்லை, மேய்த்து ஓய்வு கொடுப்பேன் என்று பத்தாண்டு ஒப்பந்தம் செய்கிற சொந்தக்காரருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று நேரே வங்கிக் கணக்கில் போடவேண்டும். சாகுபடிக்குத் தெலங்கானா தருவதில் பாதி தந்தாலும் போதும். பொது மேய்ச்சல் நிலமானால், ஊராட்சியும் மேய்ப்பர்களும் சேர்ந்த குழுவிடம் அந்தத் தொகை போகட்டும். மரம் நடும் நிதியிலிருந்தே இதற்கு ஒரு பங்கை ஒதுக்கலாம்.

ஏமாற்றுவார்களே என்பீர்கள். ஏமாற்றாத திட்டம் உண்டா? ஆனால் உழுத நிலமும் உழாத நிலமும் விண்கோளின் படத்தில் வித்தியாசமாகத் தெரியும். பாலாநகரில் உட்கார்ந்தபடியே ஆண்டுக்கு இருமுறை பார்த்துச் சொல்லிவிடலாம். நகரத்து நில விலையோடு இந்தக் கூலி போட்டி போட முடியுமா என்பீர்கள். முடியாது, ஒப்புக்கொள்கிறேன். கச்சிபௌலிக்கு நீதிமன்றம்தான் வழி. ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-லேயே எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. மகபூப்நகரிலும் மூலனூரிலும் நிலைமை வேறு. அங்கே சொந்தக்காரரை விற்கத் தூண்டுவது பேராசையல்ல, வருமானமின்மை. சிறு தொகையே அங்கே முடிவை மாற்றும். ஐக்கிய நாடுகள் சபை 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக 2022-இலேயே அறிவித்தது. ஆண்டுக்குப் பெயர் வைத்தாயிற்று. வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பும் வைத்தால் நல்லது.

அரசாங்கத்துக்கு உபதேசம் செய்துவிட்டு நான் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டால், ஊருக்குத்தான் உபதேசம் என்றாகிவிடும். சென்ற வாரம் தம்பியை அழைத்தேன். "என் பங்குக்கு வருகிற மேய்ச்சல் குத்தகையை இனி எனக்கு அனுப்பாதே. நீயே வைத்துக்கொள். அதற்கு மேல் உன் நான்கு ஏக்கருக்கு, ஏக்கருக்கு 3,000 ரூபாய் என் பென்ஷனிலிருந்து வருடா வருடம் தருகிறேன். ஐந்து வருடம் விற்காதே" என்றேன். அவன் சிரித்தான். வேலியில் கிளுவை பட்டுப்போன இடத்தில் இந்த ஆடியில் புதுப்போத்து ஊன்றுவதாகச் சொன்னான். பிறகு கேட்டான். "சரிங்ணா. அஞ்சு வருசங் கழிச்சு?"

அந்தக் கேள்விக்கு என் பென்ஷன் பதில் சொல்ல முடியாது. அதை நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டிய இடம் வேறு. உறுப்பினர்களிடம் நான் வேண்டுவது இரண்டு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் நிலத்தின் பதிவேட்டை எடுத்து, அதில் தரிசு என்று எழுதியிருக்கிறதா, மேய்க்கால் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தரகருக்குப் பதில் சொல்லுமுன் அதில் ஆடு ஓட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கு மனு எழுத ஆள் தேவைப்பட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். மனு எழுதுவதில் எனக்கு முப்பத்தெட்டு வருட அனுபவம் உண்டு.